வாய் வைத்த குழல்

பல் பிடுங்கிவிட்டு வீடு திரும்புகிறவளுக்கு என்ன வேண்டும்? ஒரு பாய், ஒரு தலையணை, யாரும் பேச்சுக் கொடுக்காத ஒரு மூலை. அஞ்சுகத்துக்குக் கிடைத்தது கூடம் முழுக்கக் கடல் தண்ணீர். கதவைத் திறந்து உள்ளே வைத்த கால் வழுக்கி, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாயில் பஞ்சு அடைத்திருந்ததால் கத்தவும் வழியில்லை. கத்த முடியாத கோபம் எவ்வளவு பொல்லாதது என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

பின்னால் வந்த அவள் புருஷன் வைத்தியலிங்கம் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, "தொடாத, தொடாத! சுவிட்சத் தொடாத, கரண்டு இருக்கு!" என்று கூவிக்கொண்டே உள்ளே ஓடினார். ரப்பர் செருப்போடுதான் ஓடினார். அந்த மாதிரி விஷயத்தில் மனிதர் கெட்டி. மெயினை அணைத்தார். காலி டப்புக்குள் காற்றை இழுத்துக் கர்கர்ரென்று கத்திக்கொண்டிருந்த மோட்டார் அடங்கியது. பிறகு இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் மீன் தொட்டியைப் பார்த்தார்கள்.

வைத்தியலிங்கம் காரைக்கால் பக்கத்து நெரவியில் பள்ளிக்கூட வாத்தியார். அறிவியல் பாடம். தெருக்கோடியில் இருக்கும் பென்ஷன்காரர் சூசைமுத்துவுக்குப் பிரான்சிலிருந்து மகன் அனுப்பும் பத்திரிகைகளில் ஒன்றில், கூடத்துக்கு நடுவில் கடல் மீன் வளர்க்கும் தொட்டியின் படம் வந்திருந்தது. சூசைமுத்து படித்துச் சொல்ல, இவர் கேட்டார். கேட்டதோடு விட்டாரா? அவள் தையல் மெஷின் இருந்த இடத்தைக் காலி செய்து, மேசை மேல் கண்ணாடித் தொட்டி, மேசைக்கு அடியில் மணலும் கிளிஞ்சலும் கொட்டிய டப்பு, டப்புக்குள் ஏர்கூலர் மோட்டார் என்று நிறுத்திவிட்டார். மேல் தொட்டித் தண்ணீர் ஒரு வளைந்த குழாய் வழியாக விளிம்பைத் தாண்டிக் கீழே இறங்கும். மணலில் வடிந்து சுத்தமாகும். மோட்டார் அதை மறுபடி மேலே ஏற்றும். கண்ணாடியில் ஓட்டை போட்டு வழி விட்டிருக்கலாமே என்றால், முதலில் வாங்கிய தொட்டி அந்த ஓட்டை போடும்போதுதான் இரண்டாகப் போயிற்று.

இதில் கோளாறு ஒன்றே ஒன்றுதான். கரண்டு நின்றால் மோட்டார் நிற்கும்; குழாயின் வளைவில் காற்று ஏறி உட்கார்ந்துகொள்ளும். கரண்டு திரும்பியதும் மோட்டார் பாட்டுக்கு ஏற்றும். இறங்க வழியில்லாத தண்ணீர் கூடத்துக்கு வரும். காரைக்காலில் கரண்டு போகாத நாள் எது? அந்தக் கோளாறைச் சரிசெய்துவிடுவதாக வாத்தியார் எட்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வளைவின் உச்சியில் ஒரு காலி பால்பேனாவின் குழலைச் செருகி, சுற்றிலும் மெழுகுவர்த்தியை உருக்கி அடைத்திருந்தார். அதில் வாய் வைத்துக் காற்றை உறிஞ்ச வேண்டும். மூச்சு முட்டினால் கட்டைவிரலால் குழலை அடைத்துக்கொண்டு மூச்சு விட்டுவிட்டு, மறுபடி உறிஞ்ச வேண்டும். இரண்டு பக்கத்துத் தண்ணீரும் ஏறி வந்து வளைவில் சேர்ந்துவிட்டால் அப்புறம் கவலையில்லை. விரலுக்கும் வாய்க்கும் நடுவில் துளி இடைவெளி விழுந்தால் ஏறினதெல்லாம் இறங்கிவிடும்.

வாய் வைப்பது யார் என்கிறீர்கள்? அஞ்சுகம்தான். மீன் வாடை பட்டால் தலைமுழுகும் சைவ வீட்டில் பிறந்தவள், ஸ்டூலில் ஏறி நின்று மீன் தண்ணீரை உறிஞ்சினாள். பக்கத்தில் வைத்தியலிங்கம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். "நீ உறிஞ்சறதா நெனச்சிக்கிற அஞ்சுகம். உண்மையில வெளியில இருக்கிற காத்துதான் தண்ணிய மேல தள்ளுது. காத்தோட அழுத்தம்" என்பார். வாயில் கடல் தண்ணீரோடு நிற்பவளிடம்! காற்றுதான் தள்ளுகிறதென்றால் அதுவே வந்து வாய் வைக்கட்டுமே என்று அவளுக்கு ஆத்திரம் வரும். கொல்லைக்கு ஓடித் துப்பிக் கொப்பளித்துத் திரும்புவதற்குள் அது பாதி ஆறிவிடும். மீதிப் பாதி சேர்ந்துகொண்டே வந்தது.

அவரே ஏன் வாய் வைக்கவில்லை என்றால், அவர் எச்சில் பார்க்கிறவர். சொம்பை உதட்டில் படாமல் தூக்கிப் பிடித்து, அண்ணாந்து, தொண்டைக்குள் நேரே ஊற்றிக்கொள்ளும் ஆள். கல்யாணமான புதிதில் ஒரு நாள் சர்க்கரை சரியாக இருக்கிறதா என்று ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு அவரிடம் காப்பியைக் கொடுத்தாள். அவர் அதைப் பார்த்துவிட்டார். ஒன்றும் சொல்லாமல் டம்ளரை எடுத்துப்போய்க் கொல்லையில் வாழை அடியில் ஊற்றிவிட்டு வந்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட மறந்திருப்பாள். மற்ற வீட்டுப் பெண்கள் புருஷன் சாப்பிட்ட இலையில் உட்காருவார்கள். இவர் தன் இலையைத் தானே மடித்து, தானே கொண்டுபோய்ப் போட்டுவிடுவார். அந்த ஒட்டுதலுக்குக்கூட நாம் லாயக்கில்லை போலிருக்கிறது என்று பதினெட்டு வருஷமாக அவளுக்குள் ஒரு முள் கிடந்தது.

ஆனால் தொட்டியைத் தூக்கிப் போட வேண்டும் என்று அவள் சொன்னதில்லை. காரணம் தொப்பையன். முதலில் விட்ட அழகான மீன்களெல்லாம் ஒவ்வொன்றாகச் செத்து மிதந்த பிறகு, காரைக்கால்மேட்டுக் கண்ணையன் வலையில் விழுந்த ஒரு பேத்தை மீனைக் குடத்தில் போட்டு அனுப்பினான். எவரும் தின்னாத மீன். கோபம் வந்தால் பந்தாக உப்பிக்கொள்ளும். கரையில் உதைத்துத் தள்ளிவிட்டுப் போவார்கள். அது பிழைத்துக்கொண்டது. அஞ்சுகம் கூடத்துக்கு வந்தால் கண்ணாடி ஓரமாக அவள் கூடவே நீந்தி வரும். இறாலை விரல் நுனியில் பிடித்து நீட்டினால் விரலைக் கடிக்காமல் வாங்கிக்கொள்ளும். தான் நீட்டியதை அந்த வீட்டில் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்ளும் ஒரே ஜீவன் என்று அவள் மனசுக்குள் சொல்லிக்கொள்வாள்.

அந்தத் தொப்பையன் இப்போது மேல் மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நின்றது. டப்பு வற்றியபோது மோட்டார் அடி மணலின் அழுக்கையெல்லாம் உறிஞ்சி மேலே தள்ளியிருந்தது. தண்ணீர் கழுநீர் மாதிரி கலங்கிக் கிடந்தது. வைத்தியலிங்கம் குடத்தில் சேர்த்து வைத்திருந்த கடல் தண்ணீரை டப்பில் ஊற்றினார். இனிக் குழாய் ஓடினால் தண்ணீர் தெளியும். ஓடாவிட்டால் பொழுது சாய்வதற்குள் மீன் செத்துவிடும். அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"அஞ்சுகம், ஒரு வாய்..." என்று ஆரம்பித்தவர் அவள் வீங்கின கன்னத்தைப் பார்த்து நிறுத்தினார். பல் டாக்டர் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொல்லி அனுப்பியிருந்தார்: "ரெண்டு மூணு நாளைக்கு எதையும் உறிஞ்சக் கூடாதும்மா. உறிஞ்சினா கட்டின ரத்தம் பிச்சிக்கிட்டு வந்துடும்." வைத்தியலிங்கம்கூட அப்போது பெரிதாகத் தலையாட்டினார்.

அஞ்சுகம் பேனாக் குழலைக் காட்டினாள். பிறகு அவர் வாயைக் காட்டினாள்.

அவர் குழலைப் பார்த்தார். எட்டு மாதமாக அவள் பல் பட்டுப் பட்டு அதன் விளிம்பு நைந்திருந்தது. "செய்யலாம், செய்யலாம்" என்றார். உள்ளே போய்ச் சோப்பு கொண்டுவந்தார். கழுவினார். வெந்நீரில் துணியை நனைத்துத் துடைத்தார். மறுபடி கழுவினார். தரையைத் துடைத்துக்கொண்டிருந்த அஞ்சுகம் ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்து பார்த்தாள். இது மீன் தண்ணீரைக் கழுவுகிற கழுவல் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. துடைப்பத்தை ஓங்கித் தரையில் அடித்தாள்.

ஒருவழியாக அவர் ஸ்டூலில் ஏறிக் குனிந்தார். குழலுக்கு மேலே ஒரு விரற்கடை தள்ளி உதட்டைக் குவித்துக்கொண்டு 'உஸ்ஸ்'ஸென்று இழுத்தார். உதடு படவே இல்லை. நாற்பத்தாறு வருஷமாக அண்ணாந்து குடித்த வாய். சொம்பிலும் ஒட்டாது, குழலிலும் ஒட்டாது. கூடத்துக் காற்றெல்லாம் அவர் நெஞ்சுக்குள் போய் வந்தது. குழாய்த் தண்ணீர் இம்மிகூட அசையவில்லை. மனிதர் விடாமல் மறுபடி மறுபடி இழுத்தார்.

"ஐயோ, வாய வைங்களேன்!" என்று பஞ்சுக்குள்ளிருந்து அஞ்சுகம் கத்தினாள். கன்னம் தெறித்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"இரு, இரு. இதுக்கு ஒரு முறை இருக்கு" என்று அவர் சைக்கிள் பம்பை எடுத்து வந்தார். உள்ளே இருந்த தோல் வாசரைக் கழற்றித் திருப்பிப் போட்டால் அடிக்கிற பம்பு உறிஞ்சுகிற பம்பாகிவிடுமாம். அதைத் திருப்புவதற்குள் அவர் விரல் கிழிந்தது. திருப்பிப் போட்டு இழுத்தால் காய்ந்த தோல் புஸ்ஸென்று காற்று விட்டது. தேங்காயெண்ணெய் போட்டு வேகமாக இழுத்தபோது தண்ணீர் ஏறவில்லை, மெழுகு பெயர்ந்து குழல் கையோடு வந்தது. மெழுகுவர்த்தியைத் தேடி, தீப்பெட்டியைத் தேடி, நனைந்த தீப்பெட்டியைத் திட்டி, மறுபடி அடைத்து முடித்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. தொப்பையன் ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியிருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கமலாம்பாள் வாசலில் குரல் கொடுத்தாள். கண்ணையனின் பெண்டாட்டி, மீன் கூடைக்காரி. சைவ வீட்டு வாசலில் தினமும் அவள் நிற்பதற்கு ஒரு குடம் கடல் தண்ணீரும் ஒரு பிடி இறாலும்தான் காரணம் என்றாலும், வாத்தியார் இரகசியமாக மீன் சாப்பிடுகிறார் என்றுதான் தெருவில் பேச்சு.

"வா, கமலாம்பா. நல்ல நேரத்துல வந்த" என்று வைத்தியலிங்கம் ஓடினார். "இதுல ஒரு வாய் வச்சு இழுத்து விடேன். உனக்குக் கடல் தண்ணி பழக்கந்தான."

கமலாம்பாள் கூடையை இறக்கினாள். தொட்டியைப் பார்த்தாள், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்த அஞ்சுகத்தைப் பார்த்தாள், சோப்பையும் துணியையும் பம்பையும் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது.

"ஏன் சார், நீங்க வைக்கிறது?"

"எனக்கு... அது... பழக்கமில்ல."

"தாலி கட்டுனவ வாய் வச்சது ஒங்களுக்கு ஆவாது, நான் வாய் வச்சா மட்டும் ஆவுமா? நல்லா இருக்கு சார் நாயம்! நான் வச்சிட்டுப் போனா, நாளைக்கு அந்த அம்மால்ல அதுல வாய் வைக்கணும்?" என்று சிரித்தாள். இறாலைத் தட்டில் கொட்டினாள், குடத்தை உள்ளே வைத்தாள். "வாத்தியாரம்மா, மீனு பொழைக்கலைன்னா சொல்லு. வேற பேத்த கொண்டாரச் சொல்றேன். கடல்ல அதுக்கா பஞ்சம்?" என்றபடி கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

வேறு பேத்தை! அஞ்சுகம் விருட்டென்று எழுந்தாள். வாயிலிருந்த பஞ்சைப் பிடுங்கி மாடத்தில் வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்டூலை நோக்கிப் போனாள்.

வைத்தியலிங்கம் குறுக்கே வந்தார். "வேணாம் அஞ்சுகம். ரத்தம் வந்துடும்."

"வரட்டும். செத்தா போயிடப் போறேன்? நவுருங்க. ஒங்களுக்கு எச்சிதான பெரிசு. மீனு போனா என்ன, நான் போனா என்ன? கழுவி ஊத்திட்டு உக்காந்துக்கலாம்."

அவர் நகரவில்லை. அவள் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றதை அப்போதுதான் பார்த்தார் போலிருக்கிறது. சட்டென்று திரும்பி, ஸ்டூலில் ஏறி, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, பேனாக் குழலை வாய்க்குள் வாங்கினார். உதடு ஒட்டியது. இழுத்தார்.

தண்ணீர் ஏறியது. இரண்டு பக்கமும் ஒரு சாண் உயரத்துக்கு விறுவிறுவென்று ஏறியது. அவர் வாயை எடுத்துக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு மூச்சு விட்டார். மறுபடி இழுத்தார். இன்னும் கொஞ்சம் ஏறியது. வாயோரமாக அழுக்குத் தண்ணீர் வழிந்தது. துப்பவில்லை, விழுங்கியே விட்டார் பாவம். அஞ்சுகம் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். ஒட்டாத வாய் ஒட்டிவிட்டதே!

ஆனால் மனிதருக்கு இழுப்பு உண்டு. பனிக்காலத்தில் உட்கார்ந்தபடி தூங்குகிற ஆள். மூன்றாம் தடவை இழுத்தபோது நெஞ்சுக்குள் விசில் கேட்டது. நான்காம் தடவைக்கு மூச்சே வரவில்லை. வளைவுக்கு நான்கு விரற்கடைதான் பாக்கி. அவர் விரலால் குழலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பேச முடியாமல், கண்ணால் அவளைக் கூப்பிட்டார். ஒரே ஒரு இழுப்பு என்று ஜாடை காட்டினார்.

பக்கத்து முக்காலியில் அவள் ஏறினாள். ஒரே ஒரு இழுப்புதானே. மெதுவாக இழுத்தால் ஒன்றும் ஆகாது. அவர் விரல் நகரும்போது அவள் வாய் அங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதான். எட்டு மாதம் செய்த வேலை. குனிந்தாள்.

அவள் வாய் கிட்டே வந்தது. வைத்தியலிங்கம் விரலை எடுத்தார். எடுத்து, தோளில் கிடந்த துண்டின் நுனியால் குழலை ஒரு துடை துடைத்தார்.

களக்கென்று ஒரு சத்தம். ஏறி நின்ற தண்ணீரெல்லாம் இறங்கிவிட்டது.

அஞ்சுகம் குழாயையும் துண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வந்தது பாருங்கள். "எதுக்குத் தொடைச்சீங்க? எதுக்கு? சொல்லுங்க! கிட்ட வந்த தண்ணிய வுட்டுட்டீங்களே! என் வாயி என்ன சாக்கடையா? நான் வச்சப்புறம் தொடைப்பீங்கன்னுதான் இத்தினி நாளா நெனச்சேன். இப்ப நான் வைக்கிறதுக்கு முந்தியே தொடைக்கணுமா?"

"அதுல... என் எச்சி..." வைத்தியலிங்கத்துக்கு மூச்சு வாங்கியது. "என் எச்சி இருந்துது அஞ்சுகம். அத எப்படி உன் வாயில... படவைக்கிறது? தப்பில்லயா அது?"

அவள் அவரையே பார்த்தாள். மனிதர் விளையாடவில்லை. உப்பும் அழுக்கும் வழிந்த முகத்தோடு, ரொம்ப நியாயமான ஒரு காரியத்தைச் செய்துவிட்டவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார். தன் இலையைத் தானே மடித்துக்கொண்டு எழுந்திருக்கும்போது இருக்கிற அதே முகம். இவர் தன்னைத் தள்ளி வைக்கவில்லை, தன் எச்சிலைத்தான் தள்ளி வைத்துக்கொண்டிருந்தார் என்பது அவளுக்கு அந்த முக்காலி மேல் நிற்கும்போதுதான் உறைத்தது. உறைத்ததும் கோபம் குறையவில்லை, இன்னும் ஏறியது.

"அட பாவி மனுஷா! எட்டு மாசமா மீனு பேண்ட தண்ணிய வாயில வாங்கித் துப்புறேன். அது படலாம். ஒங்க எச்சி படக் கூடாதா? யாருங்க ஒங்களக் கேட்டா? சரி, அப்ப அந்தக் காப்பி? அது என் எச்சிதான? அத ஏன் வாழைக்கு ஊத்துனீங்க?"

"எந்தக் காப்பி?" என்றார் வைத்தியலிங்கம்.

எந்தக் காப்பியா! பதினெட்டு வருஷமாக அவள் தொண்டையில் சிக்கிக் கிடந்த ஒரு டம்ளர் காப்பி அந்த மனிதருக்கு நினைவே இல்லை. அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இரண்டும் சேர்ந்து வந்தது, கன்னம் வலித்தது. தொட்டிக்குள் தொப்பையன் வயிறு தெரியப் புரண்டுகொண்டிருந்தது.

"பேச நேரமில்ல. மறுபடி வைங்க வாய. இந்தத் தடவ அந்தத் துண்டத் தொட்டீங்க, துண்டோட ஒங்களையும் டப்புல போட்டு அமுக்கிடுவேன்" என்றாள். அவர் தோளிலிருந்து துண்டை உருவி வாசலில் வீசினாள்.

அவர் மறுபடி வைத்தார். இழுத்தார், அடைத்தார், இருமினார், இழுத்தார். இந்தத் தடவை பாதி வழியிலேயே விசில் கேட்டது. ஆனாலும் விடாமல், முகம் சிவந்து கருத்து, வளைவுக்குக் கிட்டே கொண்டுவந்துவிட்டார். கட்டைவிரலால் குழலை அடைத்தார். அஞ்சுகம் குனிந்தாள். அவர் விரல் மெல்ல நகர, அதை ஒட்டியே அவள் உதடு நகர்ந்து வந்து குழலை மூடியது. குழல் ஈரமாக, வெதுவெதுப்பாக இருந்தது. சீவலும் கிராம்பும் மணத்தது. கல்யாணமான நாள் முதல் அவள் இடித்து வைத்துக் கொடுக்கும் கிராம்பு. அவர் வாயில் அது இப்படித்தான் மணக்கும் என்று அவளுக்கு இத்தனை நாள் தெரியாது.

மெதுவாக இழுத்தாள். பல் போன குழியில் சுருக்கென்றது. தண்ணீர் இரண்டு பக்கமும் ஏறி, வளைவில் முட்டி, ஒன்றானது. குழாய் நிறைந்து மளமளவென்று ஓடத் தொடங்கியது. அவர் குழலை அடைத்து மெழுகு வைத்துவிட்டு இறங்கி, டப்பில் தண்ணீர் விழும் சத்தம் கேட்ட பிறகே மெயினைப் போட்டார். மோட்டார் முனகி ஏற்றியது. மேலே ஏறியதும் கீழே இறங்கியதும் சமமாக நின்றது.

"ரத்தம் வருது. போயி கொப்பளிச்சிட்டு வா" என்றார் வைத்தியலிங்கம்.

"வரேன்" என்றாள். போகவில்லை. பஞ்சை எடுத்துக் கடித்துக்கொண்டு, முக்காலியிலேயே உட்கார்ந்து தொப்பையனைப் பார்த்தாள். நேரம் போகப் போகத் தண்ணீர் தெளிந்துகொண்டே வந்தது. சாய்ந்து கிடந்த மீன் ஒரு தடவை நிமிர்ந்தது, மறுபடி சாய்ந்தது, பிறகு நிமிர்ந்தே நின்றது. வாயில் உப்பும் இரத்தமும் கிராம்பும் இருந்தன. அவள் கொப்பளிக்கவே இல்லை.

அப்போது கரண்டு போயிற்று.

மோட்டார் நின்றது. குழாயில் ஓட்டம் குறைந்து, வளைவுக்குள் ஒரு குமிழி ஏறியது, இன்னொன்று ஏறியது. பட்ட பாடெல்லாம் அவள் கண் முன்னாலேயே கீழே இறங்கிப் போயிற்று. அஞ்சுகம் தலையில் கை வைத்துக்கொண்டாள். இனி அவர் வாயைத் திறந்து காற்றழுத்தம் என்று ஒரு வார்த்தை சொல்லட்டும், தொட்டியோடு தூக்கி வாசலில் எறிந்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டாள்.

கரண்டு திரும்பியதுமே வைத்தியலிங்கம் எழுந்துபோய் மெயினை அணைத்தார். ஸ்டூலில் ஏறினார். பேனாக் குழலை மூடியிருந்த மெழுகை நகத்தால் பெயர்த்தார். அதன் விளிம்பில் அவள் இரத்தம் சிவப்பாக ஒட்டியிருந்தது. தோளுக்குக் கை போனது. அங்கே துண்டு இல்லை. வேட்டி இருந்தது, சட்டை நுனி இருந்தது, ஐந்து விரலும் இருந்தன. எதையும் எடுக்காமல் குனிந்து அப்படியே வாய் வைத்தார்.